ரோட்டில் ஆளே இல்லையே

அக்கா பையன் கோடை விடுமுறைக்கு உத்திரமேரூர் வந்திருந்தான். பத்தாம் வகுப்புக்குப் போகிறவன். வந்த நாளிலிருந்து கையில் போன், போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு. இந்தோனேஷியாக்காரர்கள் 2017இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'. ஆனால் இவன் ஓட்டுவது இந்தோனேஷிய பஸ் இல்லை. நம்மூர்ப் பையன்கள் சிலர் ராப்பகலாக உட்கார்ந்து நம் அரசு பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் அதே நிறம், அதே ஊர்ப்பலகை, அதே ஏர் ஹாரனோடு செய்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். 'மோட்' என்று அதற்குப் பெயர். காசு வாங்காமல் இவ்வளவு சிரத்தையா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

ஒருநாள் அதில் வெள்ளை அம்பாசடர் ஒன்றை இறக்கினான். "தாத்தா, உங்க வண்டி!" என்று திண்ணைக்கு ஓடினான்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். டீசல் வண்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

"கியர் எங்கடா? கீழ வச்சிருக்கான். நம்ம வண்டில ஸ்டீயரிங் பக்கத்துலல்ல இருக்கும்? இது பின்னாடி வந்த மாடல்."

"தாத்தா, மத்ததெல்லாம்?"

"மூஞ்சி சரியா இருக்கு. டிம் அடிக்கிற சுவிட்சு எங்க? அது கால்ல மிதிக்கணும். முன்சீட்டு இப்படி ரெண்டா இருக்காது. ஒரே பெஞ்சு, டிரைவரோட மூணு பேர் குந்தலாம்."

இப்படிப் பத்து நிமிஷம். அப்பா அவ்வளவு உற்சாகமாகப் பேசிப் பல வருஷம் ஆகிறது. பேரன் வண்டியைக் கிளப்பி ஓட்டிக் காட்டினான். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "என்னடா, ரோட்டுல ஆளே இல்லையே?"

"ஆள் இருந்தா இடிச்சிடும்ல தாத்தா."

"அதுக்குத்தான்டா பிரேக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கார் பந்தய விளையாட்டுகளில் 'அச்சு அசல்' என்பது ஒரு மதம் போன்றது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ'தான் அதன் பெரிய கோயில். அதை உருவாக்கிய கசுனோரி யமவுச்சி கார்ப் பித்தர். முகப்பு விளக்கின் கண்ணாடி, எஞ்சின் சத்தம், வளைவில் வண்டியின் எடை ஒரு பக்கம் சாய்வது எல்லாம் நிஜத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று நின்றவர். பின்னால் வந்தவர்கள் இன்னும் மேலே போனார்கள். பந்தயத் தடங்களை லேசர் கருவியால் அளந்து, ரோட்டிலுள்ள மேடு பள்ளம் வரை பதிவு செய்தார்கள்.

சில நேரம் நகல், அசலுக்கு முன்பே வந்துவிடும். நொய்டா பக்கம் கட்டிய புத் பந்தயத் தடத்தில் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது 2011 அக்டோபர் 30 அன்று. 'எஃப் ஒன் 2011' விளையாட்டு செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, அந்தத் தடத்தோடு. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயனும் அதில் உண்டு. ஆகவே நிஜ பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே யாரும் வீட்டில் உட்கார்ந்து கார்த்திகேயனாக அந்தத் தடத்தில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பிறகு நிஜத் தடத்தில் கார்கள் இறங்கின. வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியின்போது ஒரு தெருநாய் தடத்துக்குள் ஓடி வந்துவிட்டது. பயிற்சியை நிறுத்தி நாயை விரட்டிய பிறகுதான் கார்கள் மறுபடி ஓடின. உலகமே சிரித்தது. விளையாட்டில் அந்த நாய் இல்லை. இருக்கவும் முடியாது.

நாய் இல்லாதது கவனக்குறைவு இல்லை. ஆனால் வேறு சில 'இல்லை'கள் யோசித்து எடுத்த முடிவுகள். ஆரம்ப கால கிரான் டூரிஸ்மோவில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் காரில் கீறல் விழாது. வண்டி துள்ளித் திரும்பி ஓடும். 2010இல் வந்த ஐந்தாவது பாகத்தில்தான் அந்தத் தொடரில் கண்ணுக்குத் தெரியும் சேதம் எட்டிப் பார்த்தது. தங்கள் கார் நசுங்கிக் கிடப்பதைக் காட்டுவதில் கம்பெனிகளுக்கு விருப்பமில்லை என்பது அந்தத் துறையில் ஊரறிந்த சங்கதி. பெயரும் உருவமும் அவர்களுடையது. உரிமம் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வில் மனிதர்கள் மேல் காரை ஏற்றலாம், ரத்தம் தெறிக்கும். அதிலுள்ள கார்களைப் பார்த்தவுடன் இது எந்தக் கம்பெனி வண்டியின் சாயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் பெயர் எல்லாம் கற்பனை. 'பீம் என்ஜி டிரைவ்' என்று இன்னொன்று. மோதினால் தகடு எப்படி மடங்கும், அச்சு எப்படி வளையும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில் அதை மிஞ்ச ஆள் குறைவு. அதிலும் கார்களின் பெயர்கள் கற்பனைதான். ஆக, கணக்கு பெரும்பாலும் இப்படி முடிகிறது: பெயருள்ள கார் கொல்லாது, கொல்லும் காருக்குப் பெயர் கிடையாது.

விளையாட்டுதானே, அதில் போய்ச் சாவைத் தேடுவாயா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொம்மைக் கல்யாணத்தில் கடனும் மாமியாரும் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சின்னப் பையன் போனில் பிணம் விழ வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. என் சங்கடம் வேறு. 'இது விளையாட்டு' என்று சொல்லும் விளையாட்டிடம் எனக்குச் சண்டை இல்லை. 'இது அச்சு அசல்' என்று சொல்லும்போதுதான் எதை விட்டாய் என்று கேட்கத் தோன்றுகிறது. துல்லியம் வேறு, உண்மை வேறு. ஆயிரம் சின்ன விஷயங்களில் துல்லியமாக இருந்தால், விட்டுப்போன ஒரு பெரிய விஷயத்தை யாரும் தேட மாட்டார்கள்.

இதற்கு ஓர் உதாரணம். கிரான் டூரிஸ்மோவில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜ பந்தய ஓட்டுநர்களாக்கும் திட்டம் ஒன்றை நிஸ்ஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து நடத்தின. அதில் 2011இல் வென்றவர் ஜான் மார்டன்பரோ. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் ஓட்டிய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். 2023இல் அவர் கதை 'கிரான் டூரிஸ்மோ' என்றே சினிமாவாக வந்தது. படத்தில் அந்த விபத்து உண்டு. ஆனால் அது 2013 லெ மான்ஸ் பந்தயத்துக்கு முன்பே நடந்ததாக மாற்றிவிட்டார்கள். நாயகன் உடைந்து, பிறகு எழுந்து ஜெயிக்க வேண்டும் அல்லவா? செத்த மனிதரின் மரணம் இன்னொருவரின் வெற்றிக்குப் படிக்கட்டாகிவிட்டது. பலர் அதைக் கண்டித்து எழுதினார்கள். காரை இம்மி பிசகாமல் காட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு தேதியைச் சரியாக வைக்க முடியாதா?

இவ்வளவு எழுதிவிட்டு என் பக்கம் திரும்பாமல் இருக்க முடியவில்லை.

1994இல் ஒரு சாயங்காலம். மானாம்பதி ரோட்டில் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தவர் சட்டென்று குறுக்கே திரும்பினார். அப்பாவால் நிறுத்த முடியவில்லை. அதே காரில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியிலேயே முடிந்துவிட்டது. கோர்ட்டில் அப்பா மேல் தப்பில்லை என்று ஆனது. அப்பாவுக்குள் அப்படி ஆகவில்லை. ஆறு மாதத்தில் வண்டியை விற்றார். ஸ்டீயரிங்கை அதற்கப்புறம் தொடவில்லை. செத்தவர் வீட்டுக்கு அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை நெல் சில வருஷம் போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மூட்டை எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

அக்கா பையனுக்குத் தாத்தாவின் காரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். கியர், பெஞ்ச் சீட்டு, டாப்பில் கட்டிய கல்யாண சாமான், ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு திருத்தணி போனது. "ஏன் மாமா வித்துட்டாங்க?" என்று அவன் கேட்டபோது, "டீசல் விலை கட்டுப்படியாகலடா" என்றேன். நானும் ஒரு மோட்தான் செய்து கொடுத்திருக்கிறேன். வண்டி அசல். ரோட்டில் ஆள் இல்லை.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. குடத்துக்குள் யார் பெயரைப் போடலாம் என்பதற்கு நிலம், வீடு, வயது என்று தகுதிகள் சொல்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைப் போடக் கூடாது என்கிறது. அதோடு விடவில்லை, அவருடைய உறவினர் பெயரையும் போடக் கூடாதாம். சின்ன வயதில் படித்தபோது இது அநியாயமாகத் தெரிந்தது. ஒருவர் காட்டாத கணக்குக்கு மகனும் மருமகனும் என்ன செய்வார்கள்? இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. காட்டாத கணக்கு அந்த ஆளோடு நிற்பதில்லை, வீட்டுக்குள் இறங்கிவிடுகிறது. பேரன் ஆசையாக நீட்டிய போனில்கூட அது வந்து நின்றது.

அப்பாவின் ரகசியத்தை நான் சொல்லலாமா என்பதில் ரொம்ப நேரம் குழம்பினேன். அது அவர் கணக்கு, அவர்தான் காட்ட வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடமே கேட்டேன். "பையன்கிட்ட சொல்லட்டுமாப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நானே சொல்றேன். நாலு வருஷம் போனா அவனும் லைசென்ஸ் எடுப்பான்."

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் மானாம்பதி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். திரும்பி வந்த பிறகு பையன் வழக்கம்போல போனை எடுத்தான். அதே அம்பாசடர்தான். ஆளில்லாத அந்த ரோட்டில், நான் பார்த்தவரை, மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.