பக்கத்துக் கட்டில்

மகள் பிழைத்து வீடு திரும்பியதிலிருந்து எங்கள் பங்கின் அன்பியக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். ஜெபித்தேன், மாதா காப்பாற்றிக் கொடுத்தார் என்று நான் சொல்லவேண்டும். அது பொய்யும் இல்லை. ஆனாலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஐசியூவில் என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் கிடந்தான். அவன் அம்மாவும் வராந்தாவில் என்னோடு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவள்தான். அவன் பிழைக்கவில்லை. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் மைக்கில் சொன்னால், அவள் ஜெபம் எங்கே போயிற்று?

லப்பைக்குடிக்காட்டை ஒட்டிய எங்கள் தெருவில், வெயில் காலத்தில் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை. அன்று விடிவதற்குள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமியார் ஓமத்தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனார். அதற்குள் பிள்ளையின் இமைகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. "அம்மா, நீ ரெண்டு ரெண்டாத் தெரியிற" என்றாள். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. வீட்டுக்காரர் துபாயில். பஜ்ர் தொழுகை முடித்து வந்த எதிர்வீட்டு பாய் பிள்ளை முகத்தைப் பார்த்தார். "கட்டுவிரியனா இருக்கும் தங்கச்சி, ஏறு வண்டியில" என்று ஆட்டோவை எடுத்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டித் திட்டக்குடியில் முதல் மருந்து. அங்கிருந்து 108 ஆம்புலன்ஸ்.

அந்த வண்டிக்குள்ளேயே மூச்சு திணறிவிட்டது. கூட வந்த ஆம்புலன்ஸ் தம்பி முகமூடியை வைத்து அழுத்தி, ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிள்ளையின் நெஞ்சு எழும்பி இறங்கியது. மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பிப்பேன், பாதியில் வார்த்தை நின்றுவிடும். அவன் கை நிற்கவில்லை. எனக்குப் பதில் அவன்தான் ஜெபமாலை உருட்டுகிறான் என்று பட்டது.

கட்டுவிரியன் பாம்பின் விஷம் நரம்பு நுனிகளைச் சிதைக்கும். மாற்று மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைப் பிடிக்குமே தவிர, நரம்பில் ஏறியதை இறக்காது. சிதைந்த நுனி மறுபடி வளரும்வரை, சில நேரம் நாள் கணக்கில், எந்திரம்தான் மூச்சுவிட வேண்டும். அதுவரை இமை திறக்காது, விரல் அசையாது, வெளிச்சம் அடித்தாலும் கண்மணி சுருங்காமல் போகலாம். பார்ப்பவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கும். உள்ளே நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். "பேசிக்கிட்டே இருங்கம்மா" என்றார் டாக்டர்.

யாயிரின் மகள் கதையைச் சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஐசியூ வாசலில் அது வேறு மாதிரி தெரிந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறது என்று தகப்பன் கூட்டிக்கொண்டு போகும்போது, இயேசு வழியில் வேறொரு பெண்ணுக்காக நின்றுவிடுகிறார். அந்த நேரம் யாயிருக்கு எப்படி இருந்திருக்கும்? மாற்கு அதை எழுதவில்லை. பிறகு பிள்ளை இறந்துவிட்டதென்று ஆள் வருகிறது. தூங்குகிறாள் என்கிறார் இயேசு. ஒப்பாரி வைத்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களை வெளியே அனுப்புகிறார். எழுந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். எனக்கு அந்தச் சாப்பாடுதான் பிடித்தது.

அதே பைபிளில்தான் தாவீதின் கதையும் இருக்கிறது. நோயில் கிடந்த மகனுக்காகச் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடந்தான். ஏழாம் நாள் பிள்ளை இறந்துவிட்டது. அவன் எழுந்து குளித்து, ஆண்டவரின் வீட்டுக்குப் போய் வணங்கிவிட்டு வந்து சாப்பிட்டான். எங்களைப் பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தக் கதையைக் கொண்டுவரவில்லை. "விசுவாசம் இருந்தா பிழைச்சுக்குவா" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். அதை ஆறுதல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்த பிள்ளைக்குத் தாயின் விசுவாசத்தைக் கணக்குக் கேட்கிற பேச்சு அது.

பிள்ளை பிழைப்பாள் என்று கடவுள் எனக்குச் சொல்லவில்லை. பிழைத்தாலும் இல்லாவிட்டாலும் அவள் போய்ச் சேருமிடம் அவர் கைதான் என்பது மட்டும் விடவில்லை. அந்தத் தெம்பில்தான் அவள் காதில் வாய்ப்பாடும் ஜெபமும் எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி கதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே ஊரில் பள்ளிவாசலில் அவளுக்காக துஆ கேட்டார்களாம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு மாமியார் நேர்ந்துகொண்டார். அதே ஏலாக்குறிச்சியில், அரியலூரை ஆண்ட மழவராயரின் ராஜபிளவைக் கட்டியை வீரமாமுனிவர் குணமாக்கிய கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த இத்தாலிச் சாமியார் மருந்தும் போட்டார், ஜெபமும் செய்தார் என்றுதான் கேட்டு வளர்ந்தேன்.

முதலில் அசைந்தது வலது கைச் சுண்டுவிரல். வீட்டுக்கு வந்ததும் ரசஞ்சோறு கேட்டாள்.

சாட்சி சொல்லத்தான் வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கட்டிலோ கொசுவலையோ வாங்க முடிந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். தரையில் படுத்த பிள்ளை விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தொங்கினால், கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மந்திரிக்கவும் போகாதீர்கள். கட்டிலோ கொசுவலையோ வாங்க முடிந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் ஏறுங்கள். ஜெபத்தை வண்டிக்குள் ஆரம்பிக்கலாம்.