அந்த ‘ஆ’

பதினெட்டு நொடி வீடியோ. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு? அடுப்படிக்குப் போறவளுக்கு எதுக்கு அல்ஜீப்ரா?” பிறகு ‘ஆ’ என்று வாய் திறக்கிறார். அதோடு நின்றுவிடுகிறது. எனக்குக் கொதித்தது. மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

மூன்று நாள் கழித்து முழுப் பேச்சும் கிடைத்தது. அந்த ‘ஆ’, ‘ஆனா’. அப்படிக் கேட்டுத் தன் மகளைப் பத்தாவதோடு நிறுத்தியதையும், இன்றுவரை அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாததையும் சொல்லி மேடையிலேயே அழுதிருக்கிறார் மனிதர்.

குழுக்களில் தவறு என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அது போகட்டும். அந்த ‘ஆ’தான் என்னை விடவில்லை. பழைய துண்டை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். குரல் இறங்குகிறது. வலது கை மைக்கை விட்டு எழுகிறது. பேச்சை முடித்தவர் கை அப்படி எழாது.

சின்ன வயதில் வடை மடித்து வரும் பேப்பரை விரித்துப் படிப்பேன். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் தெரியும். ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ என்று இருக்கும். அந்த ஏழாம் பக்கம் எந்த வீட்டு வடையோடு போனதோ என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பையன் எங்கே போனான்?

ஷெர்லி ஷெராட் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க வேளாண் துறையில் ஜார்ஜியா மாநில ஊரக வளர்ச்சி இயக்குநராக இருந்த கறுப்பினப் பெண். அவருடைய தந்தையை 1965-ல் ஒரு வெள்ளை விவசாயி சுட்டுக் கொன்றார். 2010 ஜூலையில், ஷெராடின் நாற்பது நிமிடத்துக்கும் மேலான பேச்சிலிருந்து இரண்டரை நிமிடத்தை வெட்டி வெளியிட்டார்கள். முன்பொரு காலத்தில் ஒரு வெள்ளை விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று அவர் சொல்லும் இடம். அன்றைக்கே வேலை போயிற்று. காரை ஓரங்கட்டி, கையிலிருந்த ஃபோனிலேயே ராஜினாமாவை அனுப்பச் சொன்னார்கள் என்றார். பிறகு அந்த விவசாயக் குடும்பமே, எங்கள் நிலத்தைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று சொன்னது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டு வேறு பதவி தர முன்வந்தார்; ஷெராட் ஏற்கவில்லை.

என்னை உலுக்குவது வேறு. விஷயம் நிறமல்ல, ஏழைக்கும் இருப்பவனுக்கும் இடையில் உள்ளது என்று தனக்குப் புரிந்ததாக அவர் சொல்லத் தொடங்குவது அந்த வெட்டிய துண்டிலேயே இருந்தது. பார்த்தவர்கள் காதில் விழவில்லை. வெட்டியவன் விட்டுவைத்ததைக் கேட்டவர்கள் வெட்டிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நொடி ஓடி, ‘ஆனா’ முழுசாக வந்திருந்தால் எனக்கு மட்டும் கேட்டிருக்குமா? அன்றிருந்த கோபத்தில் எனக்கு நிச்சயமில்லை.

வாத்தியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீடியோ அவர் கண்ணில் படாமலே இருந்தால், நானே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். பட்டிருந்தால், நான் பேசாமலிருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு தப்பு. இன்று காலை பால் வாங்கும் இடத்தில், “என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீங்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்று வந்துவிட்டேன்.