சுண்டலில் கொலை இல்லையா?

போன வியாழக்கிழமை சிராங்கூன் ரோடு கோயில் ஒன்றில் குரு பகவானுக்குச் சாத்திய கொண்டைக்கடலை மாலையைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். கையில் சுண்டல். "ஒரு உயிரையும் கொல்லாத சாப்பாடுடா இது"ன்னு பெருமையாகச் சொன்னேன். நண்பன் சிரித்தான். "இந்தக் கடலை விளைஞ்ச வயல்ல எத்தனை புழு செத்துச்சு, தெரியுமா?"

தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

கொண்டைக்கடலைக்குப் பெரிய எதிரி பச்சைக் காய்ப்புழு. காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டுப் பருப்பைத் தின்னும். ஒரே புழு 30 காய்களுக்கு மேல் நாசமாக்கிவிடும். அதனால் விவசாயி மருந்து அடிக்கிறார். ஆனால் இந்தப் புழு பருத்தியையும் விடாது. 1987இல் ஆந்திராவின் பருத்தி வயல்களில் பைரித்ராய்டு மருந்துக்கே சாகாமல் பெருகியது.

இன்னொரு வழியும் உண்டு. கேம்போலிட்டிஸ் என்று ஒரு சின்னக் குளவி. இளம் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு, புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். மருந்தைக் குறைத்தால் இந்தக் குளவி பிழைக்கும். வயலில் குச்சி நட்டு வைத்தால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் இதையெல்லாம் பல வருடம் ஆராய்ந்திருக்கிறது.

அப்பாடா, குளவியும் குருவியும் கொல்லட்டும், நம்ம கை சுத்தம்னு முதலில் தோன்றியது. யோசித்தால் அது ஏமாற்று வேலை. குச்சியை நட்டது மனிதன். எதற்கு என்று தெரிந்துதான் நட்டான். உள்ளிருந்து தின்னப்படும் புழுவுக்கு அது சுகமான சாவும் இல்லை.

அப்போ ரெண்டும் ஒன்றா? இல்லை. குளவி தன் இரையை மட்டும் தேடிப் போகிறது. மருந்து அப்படி ஆள் பார்க்காது. குளவி, தேனீ எல்லாம் போகும். அடிக்கிறவர் மூச்சிலும் ஏறும். கொலையே இல்லாத சாப்பாடு கிடைக்காது. ஆனால் எத்தனை உயிர், யாருக்காக, குறைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். எனக்குப் புரிந்த அகிம்சை இதுதான். பாவத்தை விவசாயி தலையில் கட்டிவிட்டு, சாப்பிடுகிற நாம் மட்டும் புண்ணியவான் ஆக முடியாது.

ஒன்றைச் சொல்லவில்லையே. பெருமை பேசிய அன்றைக்குப் பாதிச் சுண்டலைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இந்த வியாழன் கொஞ்சமாக வாங்கி, கடைசிக் கடலை வரை சாப்பிட்டேன். செத்த புழுவுக்கு இப்போதைக்கு என்னால் முடிந்த மரியாதை அது. நண்பர்களே, நீங்களும் யோசித்துப் பாருங்கள்.