பெயர் தெரியும்வரை கொள்ளி வைக்கலாமா?

2023 ஜூன் 29. முல்லைத்தீவு – கொக்குளாய் வீதியோரமாகக் கொக்குத்தொடுவாயில், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்காகக் குழாய் பதிக்க மண் வெட்டியவர்களுக்கு எலும்புகளும் உடுப்புகளும் தட்டுப்பட்டன. வேலை நின்றது. விடயம் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. செப்டெம்பர் 6இல் தொடங்கிய அகழ்வு, காசில்லாமல் இடையில் மாதக்கணக்கில் முடங்கி, 2024 ஜூலை 15இல் முடிந்தபோது 52 பேரின் எலும்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டிருந்தன. சீருடைத் துணிகள், பெண்களின் உள்ளாடைகள், இலக்கத் தகடுகள் என்பனவும் கூடவே வந்தன.

இந்த 52 பேருக்கும் யார் கொள்ளி வைப்பது?

உணர்ச்சிவசப்பட்டுக் கேட்கும் கேள்வியல்ல இது. சைவச் சமூகத்தில் செத்தவருக்குச் செய்யும் கிரியைகளுக்கு மூன்று விடயங்கள் வேண்டும்: பெயர், உறவு, திதி. காடாத்து, எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எல்லாம் இன்னாருக்கு இன்னார் செய்வது. சில குறைகளுக்கு மரபு வழி விடுகிறது. திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து அதற்குத் தீ மூட்டலாம். கருட புராணம் இதை விரித்துச் சொல்கிறது. ஆள் தெரிந்து உடல் இல்லாத நிலைக்கு அப்படி ஒரு விடை இருக்கிறது. கொக்குத்தொடுவாயில் நிலைமை தலைகீழ். உடல் இருக்கிறது, ஆளைத் தெரியவில்லை.

அதற்கும் வழி உண்டு என்று ஒருவர் வாதிடலாம். அநாதைப் பிணத்தை எடுத்து அடக்குவது அசுவமேத யாகத்துக்கு ஈடான புண்ணியம் என்பது பழைய நம்பிக்கை. ஊர்ப் பெரியவர்களோ ஓர் ஆலயமோ ஒரு சங்கமோ முன்னுக்கு வந்து ஒரே நாளில் எல்லோருக்கும் சேர்த்துச் செய்து, ஆன்மாக்களைக் கரையேற்றிவிடலாம் அல்லவா? நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் அதன் அடிப்படை பிழை. அநாதைப் பிணம் என்றால் தேடிவர ஆளில்லாத பிணம். கொக்குத்தொடுவாய் எலும்புகளுக்கு ஆளில்லை என்று யார் சொன்னது? எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் அந்த முகம் படமாகத் தொங்குகிறது. தேடப்படுகிறவரை அநாதையென்று அறிவித்துப் புண்ணியம் தேட எவருக்கும் உரிமையில்லை.

சட்டமும் இதில் ஓரளவு தெளிவாகவே நிற்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, புதைக்கப்பட்ட உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க உத்தரவிடும் அதிகாரம் நீதவானுக்கு உரியது. தோண்டிய பிறகு எலும்பு ஒரு சான்றுப்பொருளாகிவிடுகிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம் அகழ்வு கோரி நீதிமன்றத்தை நாடலாம், அகழ்வை அவதானிக்கலாம். இவ்வளவும் தோண்டுவதற்கான ஏற்பாடுகள். தோண்டியெடுத்தவரின் பெயரைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புவதற்கு இதே அளவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பெயர் காண்பது இந்த இடத்தில் இரட்டிப்புக் கடினம். கொக்குத்தொடுவாய், கொக்குளாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் விரட்டப்பட்டவர்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மண்ணை மிதிக்காதவர்கள். யாரை எப்போது புதைத்தார்கள் என்று சொல்ல ஊரில் ஊரவர் இருக்கவில்லை. அகழ்வில் ஈடுபட்ட தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, உடல்கள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கையிட்டார். மணலாற்று முகாம்கள் மீது விடுதலைப் புலிகள் தாக்குதல் நடத்திய 1995 ஜூலை அந்தக் காலத்துக்குள் வருகிறது. உடனே முடிச்சுப் போடத் தோன்றும். காலம் பொருந்துவதால் ஒருவருக்கும் பெயர் கிடைத்துவிடாது. போர் பற்றிய 1949ஆம் ஆண்டு முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, இறந்தவரை இயன்றவரை தனித்தனியாக, அவரவர் சமயப்படி அடக்கவும், அடையாளத் தகட்டின் பாதியை உடலோடு விடவும் சொல்கிறது. நாடுகளுக்கிடையிலான போர்களுக்காக எழுதப்பட்ட விதி அது. என்றாலும் எதிரியின் உடலுக்கும் ஒரு வீடு உண்டென்ற அதன் எண்ணம் எந்தப் போருக்கும் பொருந்தும். கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் எந்தப் பக்கம் என்பவற்றைப் பொறுத்து அந்தக் கடமை குறைவதில்லை.

மறுபுறத்தில், எலும்பைப் பார்க்கவே மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய அவர்களின் போராட்டம் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவியது. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் இராணுவத்திடம் உயிரோடு கையளித்த பிள்ளையை உயிரோடு தா என்பது அவர்களின் வழக்கு. இப்படியானவரிடம் மரணச் சான்றிதழை நீட்டுவது, கொடுத்ததற்குக் கணக்குக் கேட்காதே என்று சொல்வதாகிவிடும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஓராண்டுக்கு மேல் தகவலில்லாதவருக்கு மரணப் பதிவு செய்ய வழி திறந்தது; 2016இல் அதைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழையும் சேர்த்தார்கள். ஆர்ஜென்டினாவிலும் இதே வலி இருந்தது. பிளாசா டி மாயோ தாய்மாரில் ஒரு பகுதியினர் 1980களில் அகழ்வையே எதிர்த்தார்கள். எலும்பை வாங்கினால் வழக்கு மூடப்படும் என்று அஞ்சினார்கள். அதே நாட்டில் 1984இல் உருவான தடயவியல் மானுடவியல் குழுவோ எலும்பையே வழக்கின் சாட்சியாக்கியது. வன்னித் தாய்மாரின் மறுப்பும் அறிவற்ற பிடிவாதமல்ல. அந்தியேட்டி செய் என்று அவர்களை நெருக்க உறவினருக்கும் உரிமையில்லை, குருக்களுக்கும் இல்லை.

பொஸ்னியாவின் அனுபவம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. 1995இல் செரெப்ரெனிட்சாவில் கொன்று புதைத்த உடல்களை, தடயம் மறைக்க இயந்திரங்களால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் சிதறிக் கிடந்தன. மரபணுச் சோதனையில் ஒரு துண்டு அடையாளம் காணப்பட்டதும், அதை அடக்குவதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்ற முடிவு குடும்பத்திடம் விடப்பட்டது. விஞ்ஞானம் பெயரைச் சொன்னது. எப்போது, எப்படி என்பதை வீட்டார் சொன்னார்கள். இந்தப் பிரிப்பு கொக்குத்தொடுவாய்க்கும் வேண்டும்.

இதில் தீக்குத் தனி இடமுண்டு. கடும் சூடு எலும்பிலுள்ள மரபணுவை அழித்துவிடும். எரித்து அஸ்தியைக் கடலில் கரைப்பது நமக்குப் பழகிய வழி. ஆனால் அடையாளம் காணாமல் எரித்தால், பின்னாளில் ஒரு தாய் வந்து கேட்கும்போது கொடுக்க எதுவும் மிஞ்சாது. தீயின் மீளமுடியாமையை இந்த நாடு அண்மையிலும் கண்டது: 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி முஸ்லிம்களின் உடல்கள் வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் அந்த விதி மாற்றப்பட்டது, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, எரிந்த உடல் எதுவும் திரும்பவில்லை. சைவத்திலும் புதைப்பதற்கு இடமிருக்கிறது. குழந்தைகளையும் துறவிகளையும் புதைக்கிறோம். ஆகவே பெயர் தெரியாத எலும்புகளை வைத்திருக்கும் காலம் முடிந்தால், ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுத் தனித்தனியே புதைப்பதே சமயத்துக்கும் சட்டத்துக்கும் ஒத்த வழி. பிரார்த்தனை செய்யலாம், விளக்கேற்றலாம். கொள்ளி மட்டும் வைக்கக்கூடாது.

அதற்குள் அரசு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. விரும்பி முன்வரும் உறவினரின் இரத்த மாதிரியை எடுத்து, குடும்பங்கள் நம்பக்கூடிய சுயாதீன அமைப்பொன்றின் காவலில் வைக்கவேண்டும். மாதிரி கொடுப்பது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று எழுத்தில் உறுதி தரவேண்டும். 2009இல் பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கும் 1995இல் தொலைத்தவர்களுக்கும் அது ஒரே வங்கியாக இருக்கட்டும். போராட்டப் பந்தலில் இருந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்போரின் மாதிரியை இந்த ஆண்டே எடுக்கத் தொடங்கலாம்.