விரால் அடிப்பானுக்குப் பாவம் உண்டா?

கும்பாபிஷேகத்தன்று ஒரு கட்டத்தில் கூட்டத்தின் கண்கள் கலசத்தை விட்டு வானத்துக்குப் போய்விடும். கருடன் வர வேண்டும். வந்து கோபுரத்தைச் சுற்றிவிட்டால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடும். பரமத்தி வேலூர் வட்டாரத்துக் காவிரிக்கரைக் கோயில்களிலும் இதே வழக்கம்தான். அப்படிக் கும்பிடப்படும் செம்பருந்து, சற்று முன்புவரை ஆற்றில் மீன் தேடிக்கொண்டிருந்த பறவை. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் மண், கொன்று தின்னும் பறவையைக் கண்டு கைகூப்புகிறது. இது முரணா?

கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க வேறொரு பறவை உண்டு, விரால் அடிப்பான். செம்பருந்து செத்ததைத் தின்றும் பிழைத்துக்கொள்ளும். இதற்கு அந்த வழி கிடையாது. அதன் இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீன், பெரும்பாலும் உயிரோடு பிடித்த மீன். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தமிழகத்தின் ஆறுகளுக்கும் பெரிய ஏரிகளுக்கும் வரும் பறவை இது. ஜேடர்பாளையம் தடுப்பணையில் தேங்கி நிற்கும் காவிரி போன்ற அகன்ற நீர்ப்பரப்பு அதற்கு வாகான வேட்டைக்களம்.

அது மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். உயரத்தில் சிறகை அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். பிறகு இறக்கையை ஒடுக்கி விழும். தண்ணீரைத் தொடும் நேரத்தில் இரண்டு கால்களும் முகத்துக்கு முன்னால் நீண்டுவிடும். மூக்குத் துளைகள் மூடிக்கொள்ளும். வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று விரல்கள் இடுக்கிபோல் பற்றும். பாதத்தின் அடியில் முள் முள்ளாக இருப்பதால் வழவழப்பான மீனும் நழுவாது. மேலே எழுந்ததும் உடம்பை ஒரு தரம் உதறி, காற்று தடுக்காதபடி மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். அலகு முதல் பாதம்வரை அந்த உடம்பு ஒரு வேலைக்காகவே அமைந்திருக்கிறது. அதைப் பார்த்து மீனைக் கொல்லாதே என்று சொல்வது, உயிர் வாழாதே என்று சொல்வதுதான்.

இந்த வழக்கை நம் மரபு பழைய காலத்திலேயே விசாரித்திருக்கிறது. பருந்து துரத்திய புறாவைக் காக்கத் தொடையை அரிந்து கொடுத்த சிபி மன்னனின் கதை எல்லோருக்கும் தெரியும். சோழர்கள் அவன் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதினார்கள்; செம்பியன் என்ற பெயரும் அப்படி வந்ததாகவே சொல்வார்கள். புறாவின் பயத்தையும் மன்னனின் தியாகத்தையும் நினைவில் வைத்திருக்கும் நாம் பருந்தின் வாதத்தை மறந்துவிடுகிறோம். இது எனக்கு விதிக்கப்பட்ட உணவு, நான் பட்டினி கிடந்தால் என் குடும்பமும் சாகும், ஒன்றைக் காத்துப் பலவற்றைச் சாகவிடுவது என்ன அறம் என்று அது கேட்கிறது. மன்னன் அதைப் பாவி என்று விரட்டவில்லை. அதன் பசியை நியாயமென்று ஏற்று, விலையைத் தன் உடம்பில் கொடுக்கிறான்.

சைவ சித்தாந்தம் இதையே வேறு விதமாகச் சொல்லும். உடம்பும் கருவிகளும் உலகும் அனுபவமும் உயிருக்கு அதன் வினைப்படி இறைவன் கொடுப்பவை. பறவைப் பிறவி வினையை அனுபவித்துத் தீர்க்கும் பிறவி. நல்லது கெட்டது தேர்ந்து புதுவினை சேர்க்கும் இடம் மனிதப் பிறவி. சமணம் இவ்வளவு எளிதாக விட்டுவிடாது. மகாவீரர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்தபோது முனிவர்களின் உபதேசம் கேட்டு வேட்டையை விட்டதாக அந்த மரபு சொல்கிறது. ஆனால் அதே சமணம்தான் விரால் அடிப்பானின் கணக்கை நம் பக்கம் திருப்பும் ஒரு சொல்லையும் தந்திருக்கிறது.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது 'பிரமத்த' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அசட்டையான, விழிப்பில்லாத என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அசட்டையால் உயிர் போக்குவதுதான் இம்சை. விஜயமங்கலத்திலும் அரச்சலூரிலும் சமணத் தடங்களை இன்றும் வைத்திருக்கும் கொங்குநாட்டுக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை.

இந்த அசட்டை எவ்வளவு கொல்லும் என்பதற்கு விரால் அடிப்பானே சாட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் டி.டி.டி. மருந்தை வயலிலும் சதுப்பிலும் தாராளமாகத் தெளித்தார்கள். அது நீரில் இறங்கி, நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி, கடைசியில் மீனைத் தின்ற பறவையின் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்பைத் தடுத்தது. ஓடு மெலிந்து, அடைகாத்த தாயின் எடையிலேயே முட்டை உடைந்தது. 1960களின் இறுதியில் பால் ஸ்பிட்சர் என்ற ஆய்வாளர் கனெக்டிகட் மாநிலக் கூடுகளின் முட்டைகளையும் மேரிலாந்து கூடுகளின் முட்டைகளையும் இடம் மாற்றி வைத்தார். மேரிலாந்து முட்டைகள் கனெக்டிகட் தாய்களிடமும் பொரிந்தன. கனெக்டிகட் முட்டைகள் பெரும்பாலும் எங்கே வைத்தும் பொரியவில்லை. குற்றம் தாயிடமோ கூட்டிலோ இல்லை, முட்டைக்குள்ளேயே இருந்தது. 1972இல் அந்நாடு டி.டி.டி.யைத் தடை செய்தது. பறவைகள் மெல்லப் பெருகின.

மருந்தடித்தவர்கள் யாரும் அந்தப் பறவையைக் கொல்ல நினைக்கவில்லை. கையில் ரத்தம் படவில்லை. ஆனாலும் கூடு கூடாக முட்டைகள் உடைந்தன. பசிக்கு ஒரு மீனை எடுக்கும் பறவையையும், பசி இல்லாமலே ஒரு நதியின் உயிர்களை அழிக்கும் மனிதனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. திருக்குறளில் புலால்மறுத்தலும் கொல்லாமையும் துறவறவியலில் இருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அறிந்து தேர்ந்துகொள்ளக் கூடியவர்களிடம்தான் அறம் பேச முடியும். விரால் அடிப்பானுக்குப் பாவம் இல்லை. தேர்வு நம் கையில் இருக்கிறது, பாவமும் நம்முடையதுதான்.

இந்தியா 1989இல் விவசாயத்துக்கு டி.டி.டி.யைத் தடை செய்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆனால் சட்டம் பறவையைக் காத்தாலும் அதன் தட்டைக் காக்க வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்கள்தான். பரமத்தி வேலூருக்கு மேலே பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியின் சாயக்கழிவு காவிரிக்குப் பழைய நோய். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜா வாய்க்கால் வெற்றிலைக் கொடிக்காலையும் வாழையையும் நனைத்துக்கொண்டு ஓடுகிறது; அங்கே அடிக்கும் மருந்தும் தண்ணீரில் சேரலாம்.

ஆகவே வேலூர் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். மருந்தடித்த ஸ்பிரேயரை வாய்க்காலில் அலசாதீர்கள். காலி மருந்து டப்பாவைத் தண்ணீரில் வீசாதீர்கள். குளிர்காலத்தில் விருந்தாக வரும் அந்தப் பறவை, வெயில் ஏறுமுன் வடக்கே முட்டையிடத் திரும்பிவிடும். இங்கே தின்ற மீனும் அதன் உடம்போடு அந்தக் கூடுவரை போகிறது.