எழுதப்படாத இறந்தகாலம்

காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட எழுத்துவழி விளையாட்டு ஒன்றைத் திட்டமிடுவோர், கதை தொடங்கும் நூற்றாண்டையும் பாத்திரங்களின் பெயர்களையும் முடிவு செய்வதற்கு முன்னரே, இறந்தகாலத்துக்குச் செல்லும் ஒருவர் அங்கே என்னென்ன செய்யலாம் என்பதற்கு ஒரு விதி வகுத்தாக வேண்டும். அந்த விதி வெறும் ஆட்ட ஒழுங்காகத் தோன்றினாலும், நடந்து முடிந்ததன்மீது மனிதருக்கோ கடவுளுக்கோ அதிகாரம் உண்டா என்று சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாவுக்கான விடையாகவே அது அமைந்துவிடுகிறது. திட்டமிடுவோர் பெரும்பாலும் இதை உணர்வதில்லை. உணராமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றனர்.

எழுத்துவழிப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று அது சொல்வதையும் செய்வதையும் எழுதி அனுப்ப, ஆட்ட நடத்துநர் எனப்படுபவர் அதன் விளைவை எழுதித் தர, இரண்டும் சேர்ந்து கதையாக வளர்வதாகும். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி ஆடும் முறையைப் பரப்பியது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்னும் விளையாட்டு, பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினிக்குள் நுழைந்து எழுத்தாலேயே ஆட வழி செய்தது. இவ்வகை ஆட்டங்களில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. எழுதப்பட்டதே அங்கு உலகம். இந்த எளிய உண்மை, இறந்தகாலம் பற்றிய வினாவுக்கு வேறெந்த விளையாட்டிலும் இல்லாத ஒரு கூர்மையைத் தருகிறது.

அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஆறாம் பகுதியில், அகத்தோன் என்னும் நாடகக் கவிஞரின் கருத்தொன்றை உடன்பட்டு எடுத்துரைக்கிறார்: நடந்ததை நடவாததாக்குவது ஒன்றே கடவுளுக்கும் இயலாதது என்பது அது. கடவுளை எல்லாம் வல்லவர் என்று கொண்ட கிறித்தவ இறையியலில் இக்கருத்து நெருடலாயிற்று. 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி, ரோம் நகரம் ஒருபோதும் இருந்ததில்லை என்று ஆகும்படி கடவுளால் செய்ய முடியுமா என்னும் அளவுக்கு வினாவை நீட்டினார்; அவர் அதற்கு உண்மையிலேயே ஆம் என்றாரா என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் தெளிவாகவே மறுத்தார். நடந்த ஒன்று நடக்கவில்லை என்பது தன்னையே முறித்துக்கொள்ளும் கூற்று ஆதலால், அது வல்லமைக்கு உட்படும் செயல்களில் ஒன்றே அன்று என்பது அவர் வாதம். பாவம் செய்தவரின் களங்கத்தைக் கடவுள் முற்றாகப் போக்கலாம். அவர் பாவம் செய்தார் என்பதைப் போக்க இயலாது. களங்கம் வேறு, நிகழ்ந்தமை வேறு என்னும் இப்பிரிவினை இல்லாமல் காலப்பயண ஆட்டத்துக்கு விதி எழுத முற்படுவோர் விரைவில் குழம்புவர்.

வழக்கத்தில் உள்ள விதிகள் மூன்று வகையில் அடங்கும். இறந்தகாலம் மாறும், மாறியதற்கேற்ப நிகழ்காலம் புதிதாக அமையும் என்பது முதல் வகை. ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்ததால் பிற்கால உலகமே திரிந்துபோவதாக ரே பிராட்பரி 1952இல் எழுதிய சிறுகதை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பயணியின் ஒவ்வொரு தலையீடும் ஒரு புதிய உலகக் கிளையைத் தோற்றுவிக்கும், பழைய கிளை அப்படியே இருக்கும் என்பது இரண்டாம் வகை. 1957இல் ஹியூ எவரெட் முன்வைத்த குவாண்டம் இயற்பியல் விளக்கத்தையும், டேவிட் டாய்ச் 1991இல் அதைக் காலப்பயணத்தோடு இணைத்துக் காட்டியதையும் இதற்குச் சான்றாகக் காட்டுவர். இறந்தகாலம் மாறாது, பயணி அங்கே செய்வதனைத்தும் ஏற்கெனவே அதன் பகுதியாக இருந்தவை என்பது மூன்றாம் வகை.

கிளைகளின் வழி முரண்பாட்டைத் தவிர்ப்பதால் ஆட்ட நடத்துநர்க்கு மிகவும் வசதியானது. அறநோக்கில் மூன்றிலும் மெலிந்தது அதுவே. தீயில் இறந்த குழந்தையைக் காக்கப் பயணி ஒருவர் முந்தைய நாளுக்குச் சென்று வெல்கிறார் என்றால், வேறொரு கிளையில் வேறொரு குழந்தை பிழைக்கிறது; எந்தக் குழந்தைக்காக அவர் புறப்பட்டாரோ அது இறந்தேதான் கிடக்கிறது. அவர் செய்தது நற்செயலாக இருக்கலாம், ஆனால் அவர் செய்ய விரும்பிய செயல் அதுவன்று. இப்படியொரு ஆட்டத்தில் இழப்புக்கும் எடையில்லை, மீட்புக்கும் எடையில்லை. முதல் வகையோ டேமியனின் வினாவை அதன் முழுக் கடுமையோடு எழுப்புகிறது. மாற்றப்பட்டது எங்கே போயிற்று? ஒருகாலத்தில் அது நடந்திருந்தது என்பதை நினைவுகூரப் பயணி ஒருவராவது எஞ்சினால், அது முற்றிலும் அழியவில்லை. எவரும் எஞ்சவில்லை எனில், மாற்றம் நிகழ்ந்ததென்று சொல்லவே இடமில்லை.

ஆகவே மூன்றாம் வகையே மிகுந்த சிந்தனைக்குரியது. விளையாட்டு என்ற நிலையில் பெரிதும் அஞ்சப்படுவதும் அதுதான். எல்லாம் முன்பே அமைந்துவிட்டதாயின் ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவ்வச்சம். இதையொத்த ஒரு கொள்கையைத் தமிழ்ச் சமய இலக்கியம் நன்கறியும். மற்கலி கோசாலரின் வழிவந்த ஆசீவகர், அனைத்தும் நியதியின்படி நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றனர். தென்னாட்டு ஆசீவகரோ ஒரு படி மேலே சென்று, உள்ளவை யாவும் அசைவின்றி என்றும் உள்ளன, தோற்றமும் அழிவும் இயக்கமும் மேலோட்டமான காட்சிகளே என்னும் 'அவிசலித நித்தியத்துவம்' என்ற கோட்பாட்டை வளர்த்தனர். சமண நூலாகிய நீலகேசி மறுப்பதற்காகவே இதை எடுத்துரைக்கிறது. 1951இல் வெளியான தம் ஆய்வில் வரலாற்றாசிரியர் ஏ.எல். பாஷம் இதைக் கிரேக்கரான பார்மெனிடீஸின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இறந்ததும் நிகழ்வதும் எதிர்வதும் ஒருங்கே உள்ளன என்று இன்றைய மெய்யியலார் சிலர் கூறும் கொள்கைக்கு இதைவிட நெருங்கிய உறவினைப் பழைய இந்தியச் சிந்தனையில் காண்பது அரிது. மறுப்பவரின் நூல்வழியே இவ்வளவேனும் எஞ்சியது நல்வாய்ப்பு.

ஆனால் மாறாத இறந்தகாலம் என்பதும் நியதி என்பதும் ஒன்றல்ல. 1976இல் டேவிட் லூயிஸ் என்னும் அமெரிக்க மெய்யியலார் எழுதிய கட்டுரை இவ்வேறுபாட்டைத் துலக்கியது. தன் பாட்டனாரைக் கொல்ல இறந்தகாலம் செல்லும் ஒருவனிடம் துப்பாக்கியும் உண்டு, குறிபார்க்கும் திறனும் உண்டு. அவ்வகையில் அவனால் கொல்ல முடியும். பாட்டனார் அன்று இறக்கவில்லை என்ற உண்மையையும் கணக்கில் சேர்த்தால் அவனால் முடியாது. இரண்டும் முரண்படுவதில்லை, 'முடியும்' என்பது எந்தெந்த உண்மைகளைக் கருதிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. அவன் தவறுவது ஏதோ ஒரு காவல் சக்தியால் அன்று, கைநடுக்கம் போன்ற சாதாரணக் காரணத்தால்தான். இறந்தகாலத்தை மாற்றுவது வேறு, இறந்தகாலம் அவ்வாறு அமைவதற்குத் தானும் ஒரு காரணமாக இருப்பது வேறு. பின்னது மூன்றாம் வகை விதியில் முழுதும் இயலும். இயலாமற்போவது ஒன்றே: அறிந்ததற்கு எதிராக வெல்வது.

விளையாட்டைத் திட்டமிடுவோர் பற்றிக்கொள்ள வேண்டிய இழை இதுவேயாகும். ஏனெனில் அறிவுக்கும் சுதந்திரத்துக்கும் இடையிலான இவ்வுறவைச் சமய மரபுகள் வேண்டுதலை முன்வைத்து முன்னரே ஆராய்ந்துள்ளன. ஏறத்தாழ பொ.ஆ. 200இல் தொகுக்கப்பட்ட யூத நூலாகிய மிஷ்னா, வழியில் வரும் ஒருவன் ஊருக்குள் அழுகுரல் கேட்டு, அது தன் வீட்டில் எழாதிருக்கட்டும் என்று வேண்டினால் அது வீண் வேண்டுதல் என்கிறது. அழுகுரல் எழுந்துவிட்டது, எந்த வீடு என்பதும் முடிந்துபோனது. சி.எஸ். லூயிஸ் என்ற எழுத்தாளரோ 1947இல் வெளிவந்த 'மிராக்கிள்ஸ்' நூலின் பின்னிணைப்பில் இதற்கு மாறான நிலையை எடுத்தார். கடவுள் காலத்துக்கு அப்பால் இருப்பவர் ஆதலால், நண்பகலில் செய்யப்படும் வேண்டுதலை முற்பகலில் நடந்த நிகழ்ச்சியை அமைக்கையிலேயே கருத்தில் கொண்டிருக்கலாம் என்பது அவர் கூற்று. ஆயினும் முடிவு தெரிந்தபின் அதற்கு எதிராக வேண்டுவது தகாது என்றும் அவர் வரம்பு கட்டினார். 1964இல் மைக்கேல் டம்மெட் என்னும் மெய்யியலார் இதே சிக்கலை எடுத்துக்கொண்டு, கப்பல் மூழ்கிய செய்தியை இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்கும் தந்தை, அதில் சென்ற மகன் இறந்திருக்கலாகாது என்று வேண்டுவதில் தருக்கப் பிழை ஏதுமில்லை என்று வாதிட்டார். நடந்ததை மாற்றுமாறு அத்தந்தை கேட்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்று தான் விரும்பியவாறே நடந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறார்.

இதை விதியாக்குவது எளிது. வரலாற்றில் பதிவானதும் ஆட்டத்தில் இதுவரை எழுதப்பட்டதும் மாறா. அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் பயணி எதையும் செய்யலாம். அலெக்சாந்திரியா நூலகம் அழிந்தது அழிந்ததே. அதற்கு முன் எந்தச் சுவடி எவர் கையில் வெளியேறியது என்பது ஆடுவோர் கையில் உள்ளது.

இங்கேதான் எழுத்துவழி ஆட்டம் மெய்யுலகிலிருந்து பிரிகிறது. மெய்யுலகில் கப்பலில் சென்ற மகன் பிழைத்தானா என்பது, எவருக்கும் தெரியாதபோதும், முடிவாகிவிட்ட ஒன்று. ஆறாம் நூற்றாண்டு மெய்யியலார் போயேத்தியசு விவரித்த கடவுள் முக்காலத்தையும் ஒரே பார்வையில் காண்பதுபோல் காணும் எவருக்கேனும் அது தெரிந்தும் இருக்கும். ஆட்டத்திலோ, நடத்துநர் எழுதும்வரை மகனின் நிலை அவருக்கும் தெரியாது, ஏனெனில் தெரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இறந்தகாலம் பற்றிய கூற்றுகள் சான்று உள்ள அளவுக்கே உண்மை என்னும் நிலைப்பாட்டை டம்மெட் பின்னர் தீவிரமாகப் பரிசீலித்தார். மெய்யுலகைப் பொறுத்தவரை பலரால் ஏற்க இயலாத அது, எழுத்தாலான உலகில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. போலந்து தருக்கவியலார் யான் வுகாசியேவிச் 1922இல் ஆற்றிய உரையில் இன்னும் துணிந்து, விளைவுகள் முற்றிலும் தேய்ந்துபோன நிகழ்ச்சிகள் நடந்தவை என்ற நிலையிலிருந்தே நழுவி, நடந்திருக்கக்கூடியவை என்ற நிலைக்குச் சென்றுவிடுகின்றன என்றார். துன்பமும் குற்றமும் நிறைந்த கணங்கள் நினைவிலிருந்து மட்டுமின்றி இருப்பிலிருந்தும் நீங்கும் என்பது அவருக்கு ஆறுதலாகத் தோன்றியது. குற்றம் செய்தவருக்கு அது ஆறுதலே. சுவடின்றி மாண்டவர்களுக்கு, அவர்கள் மாண்டார்கள் என்ற ஒன்றேனும் மிச்சமாக வேண்டாமா என்ற வினாவுக்கு இக்கொள்கையிடம் விடை இல்லை. அடிமைக் கப்பல்களில் பெயர் பதியப்படாமல் இறந்தோரை ஒரு பயணப் பகுதியாக்கும் திட்டமிடுவோர் இவ்வினாவைத் தாண்டிச் செல்லவே முடியாது.

எழுதியதை அழிப்பது பற்றிய சிக்கலும் இதனோடு சேர்ந்தது. முன்பு நடந்ததாக எழுதப்பட்டதைப் பின்னர் நடக்கவில்லை என்று திருத்துவதை ஆடுவோர் 'ரெட்கான்' என்பர். ஆடுபவர் ஒருவர் விலகும்போதும் விதி மீறப்படும்போதும் இது நேரும். நடத்துநர் ஒரு நகர்வை நீக்கிவிட்டால் கதையில் அது நடவாததாகிறது, ஆனால் அது எழுதப்பட்டது என்பது நடந்ததாகவே நிற்கிறது. படித்தவர்கள் அதை அறிவர், அடுத்து எழுதுவதில் அதன் நிழல் விழும். டேமியனின் கடவுளாகத் தோன்றும் நடத்துநர், கதைக்கு வெளியே அகத்தோனின் கடவுளுக்கு மேற்பட்டவர் அல்லர்.

நிகழ்ந்தமை நீங்காதெனில், பிழை செய்த பாத்திரத்துக்கு ஆட்டம் எதைத் தரமுடியும்? சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது: சேர்ந்து கிடப்பது, இப்பிறவியில் நுகரப்படுவது, நுகரும்போதே புதிதாக ஏறுவது. குருவின் தீக்கையால் சஞ்சிதம் எரிகிறது, ஆகாமியம் ஏறாதவாறு அருள் தடுக்கிறது. பிராரத்தம் மட்டும் உடல் உள்ளளவும் நுகர்ந்தே கழிய வேண்டும். எரிவது வினையின் பயன். வினை செய்யப்பட்டது என்பதை எரிப்பதாக எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. அக்குவைனாஸோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத இம்மரபு அதே கோட்டை அதே இடத்தில் கிழித்திருப்பது கவனிக்கத்தக்கது. 1916க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாக்ஸ் ஷெலர் என்னும் ஜெர்மானிய மெய்யியலார் மனவருத்தம் பற்றி எழுதியபோது, கடந்த செயல் மாறாது, ஆனால் வாழ்வு முழுமையில் அச்செயலுக்குரிய பொருள் வாழ்வு முடியும்வரை முடிவாவதில்லை என்று கூறியதும் இக்கோட்டுக்கு அருகிலேயே நிற்கிறது.

மாறாத இறந்தகாலத்தோடு ஆடும் விளையாட்டுகள் முன்னரே வந்துள்ளன. 1986இல் இன்போகாம் நிறுவனத்துக்காக பிரையன் மோரியார்ட்டி எழுதிய 'டிரினிட்டி' என்னும் எழுத்துவழி விளையாட்டு, ஆடுபவரை 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நிகழ்ந்த முதல் அணுகுண்டுச் சோதனை வரை கொண்டுசென்று, அவர் முயற்சியின் முடிவில் புறப்பட்ட இடத்துக்கே திருப்பிவிடுகிறது. 1999இல் வெளியான 'கன்டினுவம்' என்னும் பாத்திரமேற்பு விளையாட்டு இதனினும் நுட்பமானது. அதில் முரண்பாடு உலகத்தைக் கிழிப்பதில்லை. முரண்பாட்டை உண்டாக்கியவரின் மீதே சிதைவாக ஏறுகிறது. தன் பிற்கால வடிவம் தனக்கு உதவியதை ஒருவர் கண்டுவிட்டால், அந்த உதவியைச் செய்யும் கடமை அவர் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். எப்போது, எவ்வழியில் செய்வது என்பது மட்டும் அவர் விருப்பம். இவ்விதியைத் தழுவித் திட்டமிடுவோர் கூடுதலாக ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருக்கும்: அத்தகைய கடமை நிறைவேறாத நிலையில் பாத்திரம் இறந்தால், அல்லது ஆடுபவர் சொல்லாமல் விலகிப்போனால், கணக்கை எவர் தீர்ப்பது, மற்றொருவர் அதை ஏற்றுத் தீர்க்கலாமா என்பது. ஒருவரின் வினையை இன்னொருவர் சுமக்கலாம் என்று கொள்ளும் சமயங்கள் உண்டு, கூடாது என்பவையும் உண்டு. விதி எழுதுபவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் அடுத்த வரிக்குச் செல்ல முடியும்.