கைவிடப்படாத நாடு

1940இல் எஸ்தோனியா உலக வரைபடத்திலிருந்து மறைந்தது. ஆனால் நியூயார்க்கில் இருந்த அதன் துணைத் தூதரகம் மூடப்படவில்லை. அந்நாட்டைச் சோவியத் ஒன்றியம் விழுங்கியதை அமெரிக்கா கடைசிவரை அங்கீகரிக்கவில்லை. அதனால், இல்லாத ஒரு குடியரசின் பெயரால் அங்கே கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 1965 முதல் அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தவர் எர்ன்ஸ்ட் யாக்சன். நாடு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லாத பத்தாண்டுகளிலும் அவர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். 1991 ஆகஸ்டில் நாடு மீண்டபோது அமெரிக்காவுக்கான தூதராக அவரையே நியமித்தார்கள். அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார்.

1991இல் புதிய நாடு ஒன்று பிறந்ததாக எஸ்தோனியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. 1918இல் பிறந்த அதே குடியரசு நடுவில் அடைபட்டுக் கிடந்து மீண்டது என்பார்கள். மண் கைவிட்டுப் போன பிறகும் அரசு வேறெங்கோ உயிரோடு இருக்க முடியும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாழ்ந்து பார்த்தவர்கள்.

அவர்கள் மண்ணை இழந்த விதமும் மறக்கக்கூடியது அல்ல. 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ரஷ்யாவும் ரகசியமாகப் பங்கு பிரித்துக்கொண்டன. அடுத்த மாதமே, உங்கள் மண்ணில் எங்கள் படைத்தளம் வேண்டும் என்று மாஸ்கோ கேட்டது. எஸ்தோனியா கையெழுத்திட்டது. உதவிக்கு வர எவரும் இல்லை. 1940 ஜூனில் செம்படை முழுமையாக உள்ளே வந்தபோது ஏறக்குறைய ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ரத்தம் சிந்தாமல் மக்களைக் காப்பாற்றிவிடலாம் என்று தலைவர்கள் நம்பியிருக்க வேண்டும். காப்பாற்ற முடியவில்லை. 1941 ஜூனில் ஒரே வீச்சில் சுமார் பத்தாயிரம் பேரை சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். 1949 மார்ச்சில் அதுபோல இரு மடங்குக்கு மேல். குடியரசுத் தலைவர் கான்ஸ்டன்டீன் பாட்ஸ் ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1956இல் அங்கே ஒரு மனநோய் மருத்துவமனையில் இறந்தார்.

மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல். கிழக்கு எல்லை முழுவதும் ரஷ்யா. இப்படிப்பட்ட நாடு எதை நம்பித் தூங்குவது?

பொருட்பாலில் நாடு, அரண், பொருள், படை என்று பேசிவரும் வள்ளுவர், படைச்செருக்கு முடிந்த கையோடு நட்பைத் தொடங்குகிறார். எஸ்தோனியாவைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்த வரிசையின் நியாயம் எனக்கு உறைத்தது. கோட்டையும் படையும் அளவுக்கு உட்பட்டவை; அவை தீர்ந்துபோகிற இடத்தில்தான் நட்பின் வேலை ஆரம்பிக்கிறது. எஸ்தோனியா 2004 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்தது. ஒருவரைத் தாக்கினால் அனைவரையும் தாக்கியதாகக் கொள்வோம் என்பது அந்தக் கூட்டணியின் ஐந்தாவது பிரிவு. ஆனால் காகிதத்தில் எழுதிய வாக்குறுதிகளின் மதிப்பை 1939இலேயே பார்த்துவிட்டவர்கள் அவர்கள். அதனால்தான், தங்களுக்கு எந்தப் பகையும் இல்லாத ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பினார்கள். ஆபத்து மிகுந்த ஹெல்மந்த் மாகாணத்தில் பிரிட்டிஷ் வீரர்களோடு தோளொட்டி நின்றார்கள். ஆப்கானிஸ்தானில் 9 எஸ்தோனியர்கள் இறந்தார்கள். இன்று எஸ்தோனியாவின் தாப்பா நகரில், 2017 முதல், பிரிட்டன் தலைமையிலான நேட்டோ படை முகாமிட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நமக்காக நாளை வரவேண்டியவர்களுக்காக நாம் இன்று போயிருக்க வேண்டும். சிறிய நாட்டுக்கு இதில் சலுகை கிடையாது.

பிறகு 2007 வந்தது. தலைநகர் தாலினின் நடுவில் இருந்த சோவியத் காலப் போர்வீரனின் வெண்கலச் சிலையை ராணுவக் கல்லறைக்கு மாற்ற அரசு முடிவெடுத்தது. எஸ்தோனியருக்கு அது ஆக்கிரமிப்பின் சின்னம். நாட்டில் வாழும் ரஷ்ய மொழியினர் பலருக்கு நாஜிகளை வீழ்த்திய தாத்தாவின் நினைவு. ஏப்ரல் 26 இரவு தெருக்களில் கலவரம் வெடித்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அடுத்த நாள் இணையத் தாக்குதல் தொடங்கியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், செய்தித்தாள்கள், வங்கிகள் ஆகியவற்றின் தளங்களுக்குள் உலகெங்கும் ஊடுருவிக் கைப்பற்றப்பட்ட கணினிகளிலிருந்து பொய்யான கோரிக்கைகள் வெள்ளமாகப் பாய்ந்தன. வெளிநாட்டுத் தொடர்பைத் துண்டித்துத்தான் பல தளங்களை உள்நாட்டுக்காவது இயங்க வைக்க முடிந்தது. தன் மீது நடக்கும் தாக்குதலைப் பற்றித் தன் பத்திரிகைகளாலேயே உலகத்துக்குச் சொல்ல முடியாத நிலை. மூன்று வாரம் விட்டுவிட்டு இது நீடித்தது.

ரஷ்யாவை எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். மாஸ்கோ மறுத்தது. கடைசியில் எஸ்தோனிய நீதிமன்றம் தண்டித்தது ஒரே ஒருவரை. பிரதமரின் கட்சித் தளத்தைத் தாக்கியதற்காக 17,500 குரூன் அபராதம் கட்டிய அவர், எஸ்தோனியாவிலேயே வாழ்ந்த, ரஷ்ய வம்சாவளியைச் சேர்ந்த 20 வயது மாணவர். தாக்குதலின் பிரம்மாண்டத்தைப் பேசுகிற பலரும் இந்தத் தகவலை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

அடிபட்ட இடத்திலேயே எஸ்தோனியா ஒரு பள்ளியைக் கட்டியது. 2008இல் நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினில் அமைந்தது. அங்கே 2010 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ‘லாக்ட் ஷீல்ட்ஸ்’ பயிற்சியில், பெரிலியா என்ற கற்பனை நாட்டின் மின்சாரத்தையும் வங்கிகளையும் காப்பாற்றப் பல நாட்டு வல்லுநர்கள் மோதுகிறார்கள். இதைவிட என்னை ஈர்ப்பது தன்னார்வத் தொண்டர்களின் பாதுகாப்புக் கழகமான காய்ட்செலீட். 1918இல் துப்பாக்கியோடு தொடங்கிய அந்த அமைப்பில் இன்று இணையத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பகலில் வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், நாட்டுக்காகச் சம்பளமின்றிப் பயிற்சிக்கு வருகிறார்கள்.

2017இல் லக்ஸம்பர்க்கோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி எஸ்தோனிய அரசின் முக்கியமான தரவுகளின் நகல், அங்குள்ள ஒரு தரவு மையத்தில், தூதரகத்துக்குரிய சட்டப் பாதுகாப்போடு வைக்கப்பட்டிருக்கிறது. நிலம் யாருடையது, குடிமகன் யார் என்கிற பதிவேடுகள், நாடே கைப்பற்றப்பட்டாலும் எஞ்சியிருக்கும். யாக்சனின் முத்திரை இருந்த இடத்தில் இப்போது சர்வர்கள். தன் முடிவைத் துணிந்து கற்பனை செய்து பார்த்த நாட்டுக்கே இப்படி ஓர் ஏற்பாடு தோன்றும். அதைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிதானம் என்றே தோன்றுகிறது.

அதே 2017இல் வேறொரு சோதனை. அங்கே இணையத்தில் வாக்களிக்கவும் மருந்துச் சீட்டு பெறவும் கையெழுத்திடவும் அடையாள அட்டையின் சிப் உதவுகிறது. சுமார் 7.5 லட்சம் அட்டைகளின் சிப்பில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பதை ஆய்வாளர்கள் ஆகஸ்ட் இறுதியில் தெரிவித்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில். எந்த அரசுக்கும் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும் நேரம். எஸ்தோனிய அரசு சில நாட்களிலேயே மக்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது. இணைய வாக்குப்பதிவு திட்டமிட்டபடி நடந்தது. நவம்பரில் சான்றிதழ்களை முடக்கி, அட்டைகளைப் புதுப்பித்தார்கள். மக்கள் அந்த அமைப்பை விட்டு ஓடவில்லை. அந்தச் செப்டம்பரில் அரசு உண்மையை மறைத்து, அது பின்னர் வெளிவந்திருந்தால், எந்த எதிரியும் செய்ய முடியாத சேதத்தை அது தனக்குத் தானே செய்துகொண்டிருக்கும்.

ஹெல்மந்தும் லக்ஸம்பர்க்கும் இந்த அட்டை விவகாரமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கைவிட மாட்டார்கள் என்று மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதுதான் பாதுகாப்பு. மற்ற கருவிகளெல்லாம் அந்த நம்பிக்கை இருக்கும்வரைதான் வேலை செய்யும். அதைச் சேமித்து வைக்க வழியில்லை, அன்றன்று சம்பாதிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லை நகரமான நார்வாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நார்வா ஆற்றின் இந்தக் கரையில் எஸ்தோனியக் கோட்டை, எதிர்க்கரையில் ரஷ்யாவின் இவான்கோரோத் கோட்டை, நடுவில் ஒரு பாலம். 2024 மே மாதம் ஓர் இரவில், எல்லையைக் காட்டும் மிதவைகளில் இருபதுக்கு மேற்பட்டவற்றை ரஷ்யக் காவலர்கள் எடுத்துப் போனார்கள். இந்த நகரில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுபவர்கள். போரில் நகரம் தரைமட்டமான பிறகு, பழைய குடிகளைத் திரும்ப விடாமல், ஆலைகளுக்காகச் சோவியத் அரசு கொண்டுவந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். நாடு முழுவதிலும் 1992இல் குடியுரிமை இல்லாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. இன்று, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சாம்பல் நிறக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 5 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். குறைந்தது நல்ல சேதி. ஆனால் 2025 மார்ச்சில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களுக்கு உடனே பறிபோனது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு அந்த அக்டோபரில் நடந்த தேர்தலே கடைசி. உக்ரைனில் நடப்பதைப் பார்க்கிற ஒரு சிறிய நாட்டின் அச்சம் எனக்குப் புரிகிறது. மாஸ்கோவின் வாக்காளர் ஒருவர் எஸ்தோனிய நகரசபையைத் தேர்ந்தெடுப்பதா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நார்வாவில் பிறந்து, அங்கேயே வரி கட்டி, தன் தெருவிளக்குக்காக வாக்களித்துவந்த ஒரு முதியவளிடம் இந்த அரசு என்ன சொல்லப் போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. 17,500 குரூன் அபராதம் கட்டிய அந்த மாணவருக்கு இப்போது நாற்பது வயதை நெருங்கியிருக்கும். அவருடைய தலைமுறைக்கும் இந்தக் கேள்விக்கான பதில் தேவைப்படுகிறது. அதை நேட்டோவால் கொடுக்க முடியாது, தாலின்தான் கொடுத்தாக வேண்டும்.